மந்தர ஸ்தாயிக்காரன்

சென்னையின் தென்பாதியில் வசிக்கிறவர்களுக்குச் சங்கீதத்தைப் பற்றி அபிப்பிராயம் ஒன்று இல்லாமல் இருப்பது அநேகமாகச் சாத்தியமில்லாத காரியம். மார்கழி பிறந்தால் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபா சபாவாக ஏறி இறங்கி, பாடகரின் சாரீரத்தையும் பிடில்காரரின் வில்லையும் மிருதங்கக்காரரின் விரலையும் கேண்டீன் அடையின் முறுகலையும் ஒரே மூச்சில் எடைபோட்டுவிடுகிற ரசிகர்கள் நிறைந்த இந்த ஊரில், பேஸ் கிட்டார் வாசிக்கிறவனுடைய நிலைமை சற்று விசித்திரமானது. பாண்டி பஜாருக்குப் பின்புறத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் வரவேற்புக் கச்சேரி முடிந்து, வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்த என்னிடம் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து, மிகுந்த பரிவோடு, "ஏன் தம்பி, நீங்க மட்டும் சும்மாவே கிட்டாரைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களே, இப்பத்தான் கத்துக்கிறீங்களா?" என்று விசாரித்தார். மூன்று மணி நேரம் வாசித்திருந்தேன். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று அன்றைக்குத் தெரியவில்லை. இப்போது யோசித்துப் பார்க்கையில் அவர் கேட்டது அப்படியொன்றும் அநியாயமான கேள்வியல்ல என்றே படுகிறது.

நான் இந்த வாத்தியத்துக்கு வந்து சேர்ந்ததில் பூர்வஜன்ம வாசனை எதுவும் கிடையாது. காமேஷ்-ராஜாமணி குழுவும் ஏ.வி. ரமணனின் மியூசியானோவும் பிரசித்தி பெற்று விளங்கியதைக் கண்டு தெருவுக்குத் தெரு மெல்லிசைக் குழுக்கள் முளைத்திருந்த காலத்தில், அப்படி முளைத்த ஒன்றில் நானும் ஒரு கிட்டார்காரனாக ஒட்டிக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பேஸ்காரர் துபாய்க்கு வேலை கிடைத்துப் போய்விட, கிட்டார்காரர்களில் யாருடைய இழப்பைக் குழு சுலபமாகத் தாங்கும் என்று ஆலோசித்த தலைவர், தயக்கமே இல்லாமல் என்னைப் பார்த்தார். வாத்தியத்தை நானே வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

அந்நாளில் பேஸ் கிட்டார் வாங்குவது என்பது காசை எண்ணிக் கொடுத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு வருகிற விஷயமாக இருக்கவில்லை. 1951-இல் காலிபோர்னியாவில் லியோ பெண்டர், ஆளுயர டபுள் பேஸைத் தோளில் சுமந்து திரிந்த வாத்தியக்காரர்களின் அவஸ்தையைத் தீர்க்கும்பொருட்டு, அதே நான்கு தந்திகளைக் கட்டைக் கிட்டார் ஒன்றில் ஏற்றி, மெட்டுகளும் வைத்துச் செய்த பிரிஸிஷன் பேஸ் அதற்குள் முப்பது வயதைக் கடந்திருந்தபோதிலும், இறக்குமதித் தீர்வையின் கிருபையால் எங்களைப் போன்றவர்களுக்கு அது இசைத்தட்டு அட்டைகளில் மட்டும் தரிசனம் கொடுக்கிற மூர்த்தியாகவே இருந்தது. மவுண்ட் ரோட்டில், 1842-இல் மிஸ்குவித் கம்பெனியாகத் தொடங்கி நின்று நிலைத்த மியூசி மியூசிக்கல் கடைக்குள் நுழைந்து, வாங்குகிற பாவனையில் விலை கேட்டுவிட்டு, வாங்காத பாவனையை மறைத்துக்கொண்டு வெளியே வருவதில் நாங்கள் எல்லோருமே தேர்ந்திருந்தோம். கடைசியில் என் வாத்தியம் கிடைத்தது சாந்தோமில், குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயரவிருந்த ஓர் ஆங்கிலோ-இந்தியரின் வீட்டில். தையல் மெஷினும் ஊஞ்சலும் இரும்புக் கட்டிலும் விலைக்கு வந்திருந்த வரிசையில் கடைசியாக அது சுவரில் சாய்ந்திருந்தது.

அதன் லட்சணத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்கத்தாவில் செய்தது என்றார் விற்றவர். தலைப்பக்கம் கம்பெனிப் பெயர் இருந்த இடத்தை யாரோ பிளேடால் சுரண்டியிருந்தார்கள். உடல் முழுக்க ஒட்டுப்பலகை. அதன்மேல், ஜன்னல் கம்பிக்கு அடித்து மிஞ்சிய பச்சை எனாமல் பெயின்ட். இரண்டு குமிழ்களில் ஒன்று தொலைந்துபோய், அந்த இடத்தில் பழைய மர்பி ரேடியோவின் ஸ்டேஷன் திருப்புகிற குமிழ் பொருத்தப்பட்டிருந்தபடியால், ஒலியைக் கூட்டும்போதெல்லாம் எனக்கு ஏதோ ஒரு நிலையத்தைத் தேடுகிற பிரமை உண்டாகும். தண்டி, சென்னையின் ஈரக்காற்றுக்குத் தலைவணங்கி முன்பக்கம் வளைந்திருந்தது. பன்னிரண்டாவது மெட்டின்மேல் தந்திக்கடியில் என் சுண்டுவிரல் நுனி தாராளமாக நுழையும். நல்ல பேஸில் அங்கே இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குமேல் இடைவெளி இருக்காது என்பது பிற்பாடு தெரிந்துகொண்ட விஷயம். இரண்டரை மில்லிமீட்டர் கனமுள்ள தந்தியை அத்தனை உயரத்திலிருந்து அழுத்தி மெட்டில் சேர்ப்பதற்குள் விரல் நுனி சிவந்து, பின்பு கன்றி, பின்பு தோல் உரிந்து, சாம்பார் சாதம் பிசைகிறபோது கண்ணில் நீர் வரும்.

ஆம்ப்ளிபயர் கிடையாது. இது சாமானியமான குறையல்ல. பேஸ் கிட்டாரின் கட்டைக்கு வீணைக் குடத்தைப் போல உள்வெளி இல்லை. மின்சாரம் இல்லாவிட்டால் அது அநேகமாக ஊமை. கீழ்த்தந்தியின் திறந்த ஸ்வரம் விநாடிக்கு 41 அதிர்வு. அதைக் காற்றில் ஏற்றுவதற்கு ஒரு பரப்பு வேண்டும். மயிலாப்பூரில் குளத்துக்கு வடக்கே நாங்கள் இருந்த ஒண்டுக்குடித்தனத்தில் பாட்டி காலத்துத் தேக்கு அலமாரி ஒன்று கூடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. தற்செயலாக ஒருநாள் கிட்டாரின் தலைப்பக்கம் அதன் கதவில் இடித்துக்கொண்டிருந்தபோது தந்தியைத் தட்டினேன். உள்ளே இருந்த வெண்கலப் பாத்திரங்களோடு சேர்ந்து அலமாரி முழுவதும் முழங்கிற்று. அன்றிலிருந்து தண்டியின் நுனியை அலமாரிக் கதவில் ஊன்றிக்கொண்டுதான் சாதகம். பக்கத்துப் போர்ஷனில் சிறுமிகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துவந்த மாமி இரண்டொரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டா அம்பி, நீ தட்றது என் காதுல விழலை. அந்த அலமாரின்னா பேசறது!"

"தொந்தரவா இருக்கா மாமி?"

"தொந்தரவு என்ன, சுருதியோட பேசித்துன்னா சரி. எதுக்கும் தம்புராவை ஒருதரம் நன்னாக் கேட்டுட்டு வந்து தட்டு."

அந்த மாமிதான், நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவின் பக்கத்தில் என்னை உட்காரவைத்து, யாரும் மீட்டாத காந்தாரம் தானாக எழுவதைக் காட்டிக்கொடுத்தவள். நான்கு தந்திகளில் பஞ்சமமும் ஸட்ஜமும்தான் உண்டு. ஆனால் ஜீவாளி சரியான இடத்தில் அமைந்துவிட்டால் ஸட்ஜத்தின் ஐந்து மடங்கான மேலதிர்வு அந்தர காந்தாரமாகக் காதில் மினுங்கும். சுயம்பு காந்தாரம் என்று வித்வான்கள் கொண்டாடுவது இதைத்தான். எனக்கு அப்போது உறைத்தது வேறொன்று. தம்புராவில் மேலே எழுகிற அந்த ஸ்வரம் தந்தியில் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் என் பேஸின் சாஸ்திரம் இதற்கு நேர்த் தலைகீழ். கைக்கடக்கமான டிரான்ஸிஸ்டரின் சிறிய ஒலிபெருக்கியால் விநாடிக்கு 41 அதிர்வைக் கிளப்பவே முடியாது. இரண்டு மடங்கான 82-ஐக்கூட அது அரைகுறையாகத்தான் சொல்லும். அப்படியிருந்தும் நாம் விவித் பாரதியிலும் இலங்கை வானொலியிலும் பேஸைக் கேட்டோம். எப்படிக் கேட்டோம் என்றால், மேலதிர்வுகள் 82, 123, 164 என்று வரிசையாக வந்து விழுந்தால், அவற்றுக்கெல்லாம் மூலமான 41 அங்கே இல்லாதபோதும் இருப்பதாகச் செவி தானே சிருஷ்டித்துக்கொள்கிறது. இல்லாத அடிநாதத்தை மூளை கட்டிக்கொள்ளும் இந்த வித்தையை ஒலியியல்காரர்கள் வெகுகாலமாக அறிவார்கள். ஒரு தலைமுறைத் தமிழர்கள் தேநீர்க் கடையிலும் சலூனிலும் அமர்ந்து, ஒலிக்காத ஸ்வரங்களைக் கேட்டு லயித்தார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் குறையாத விஷயம்.

அப்படி லயிக்கும்படியாக எழுதியவர் இளையராஜா. அவருக்கு முன்னால் தமிழ்ச் சினிமாவில் பேஸ் இல்லை என்று சொன்னால் அது அபாண்டம். டபுள் பேஸும் பிறகு பேஸ் கிட்டாரும் விஸ்வநாதன்-ராமமூர்த்தி காலத்துப் பாட்டுகளிலேயே நடைபோட்டுக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அந்த வாத்தியத்துக்கு ஒரு தனிப் பாட்டையே கொடுத்து, மேலே பாடகர் ஒன்று சொல்லிக்கொண்டிருக்கையில் கீழே இது வேறொன்றைச் சொல்லி, இரண்டும் முட்டிக்கொள்ளாமல் சரணத்தின் முடிவில் கைகோத்துக்கொள்ளும்படி அமைத்தது அவருடைய விசேஷம். 1968-இல், தாயார் வானொலிப் பெட்டியை விற்றுக் கொடுத்த 400 ரூபாயோடு பண்ணைப்புரத்துச் சகோதரர்கள் சென்னைக்கு வந்த கதையை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். வந்தவர் போய்ச் சேர்ந்த இடம் எங்கள் மயிலாப்பூர்தான். சாய் லாட்ஜில் ஓர் அறையே உலகமாக வாழ்ந்த தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டுச் சங்கீதத்தின் எழுத்துமுறையையும் பாக், பீத்தோவன் ஆகியோரின் கிருதிகளையும் பயின்று, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார்ப் பரீட்சையில் தேறி, பிறருடைய குழுக்களில் கிட்டாரும் காம்போ ஆர்கனும் வாசித்து, 1976-இல் 'அன்னக்கிளி'க்கு வந்து சேர்ந்தார். லஸ் முனையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம், சில வருஷங்களுக்கு முன்னால் இங்கே பக்கத்தில் ஏதோ ஓர் அறையில் எதிர்ப்பாட்டு இலக்கணம் சொல்லிக்கொடுக்கப்பட்டது என்று நினைத்துக்கொள்வேன். கபாலீஸ்வரர் கோயில் நாகஸ்வரம் காதில் விழும் தூரத்தில் பாக் குடியிருந்தார் என்பதில் எனக்கு ஓர் அற்ப கர்வமும் உண்டு.

இளையராஜாவின் குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். 1982-இல் வந்த 'இளைய நிலா' பாட்டைச் சொன்னால் எல்லோரும் சந்திரசேகரின் கிட்டாரைப் பற்றிப் பேசுவார்கள்; பேச வேண்டியதுதான். நான் அந்தப் பாட்டில் டேப் ரெக்கார்டரைத் திரும்பத் திரும்பச் சுழற்றித் தேடியது அதன் அடியில் நடக்கிற சங்கதியை. ராகத்தின் ஆதார ஸ்வரத்தில் காலை ஊன்றிக்கொண்டு நிற்காமல், ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போகிற வழியில் இடையிலுள்ள படிகளையும் தொட்டுக்கொண்டு, சில இடங்களில் வேண்டுமென்றே ஒரு கணம் தாமதித்து இறங்குகிற அந்த நடையை, டேப்பின் நாடா தேய்கிற மட்டும் கேட்டு, ஒவ்வொரு ஸ்வரமாகப் பொறுக்கி, அலமாரியில் ஊன்றி வாசித்துப் பார்த்தேன். எழுதிக்கொடுத்த ஸ்வரங்களைத்தான் குழுவினர் வாசிப்பார்கள். ஆனால் எந்த ஸ்வரத்தை எவ்வளவு நேரம் நிறுத்தி, எங்கே கையால் மூடி நிசப்தமாக்குவது என்பதைக் காகிதம் முழுவதும் சொல்லிவிடாது. அது வாசிக்கிறவருடைய சொத்து. 1986-இல் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பு வெளிவந்தபோது ஊரெல்லாம் தியாகராஜரும் பாக்கும் சந்தித்துக்கொண்டதைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தது. எங்களுக்கு அந்தச் சந்திப்பு வாரம் ஒரு படமாக அதற்குப் பத்து வருஷம் முன்பிருந்தே நடந்துகொண்டிருந்தது.

என் கிட்டாரின் கதைக்குத் திரும்புகிறேன். மேல்நாட்டுத் தந்தி வாத்தியத்தைச் சீர்செய்கிறவர் அருகில் யாரும் அகப்படாமல், கடைசியில் மாமியின் சிபாரிசில் வீணை பழுதுபார்க்கிற ஓர் ஆசாரியிடம் அதைக் கொண்டுபோனேன். அவர் மடியில் கிடத்தி, மெட்டுகளைப் பெருவிரலால் தடவி, "மெழுகே காணோமே, அப்படியே கட்டையில அடிச்சு இறக்கிட்டான், இதை எப்படி நகர்த்துறது?" என்று முதலில் வருத்தப்பட்டார். வீணையில் 24 மெட்டுகளையும் மெழுகில் பதித்து, செவிக்குச் சரியாகப் படும்வரை அசைத்து அசைத்து நிறுத்துகிறவருக்கு, ஆணியடித்த ஸ்வரஸ்தானம் ஓர் அநாகரிகமாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனாலும் கைவிடவில்லை. தண்டியை உடலோடு பிணைத்த நான்கு திருகாணிகளைக் கழற்றி, பொருத்துக்குழியைப் பார்த்தவுடனே விஷயம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. என் சட்டைப்பையிலிருந்த பல்லவன் பஸ் டிக்கெட்டுகளை வாங்கி, நாலாக மடித்து, குழியின் உள்ளோரத்தில் வைத்து, தண்டியை மறுபடி முடுக்கினார். தண்டி பின்பக்கம் ஒரு நூல் சாய்ந்தது. தந்திகள் மெட்டுகளை நோக்கி இறங்கின. தலைப்பக்கத்து எலும்புத்துண்டின் வாய்களை அரத்தால் நாலைந்து இழுப்பு இழுத்தார். காப்பிக் காசுக்குமேல் வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்த பல வருஷங்கள் அந்த வாத்தியம் நின்றது பல்லவன் போக்குவரத்துக் கழகத்தின் உபயத்தில்தான்.

மேடைக்குப் போன பிறகு வேறொரு சமாசாரம் தெரியவந்தது. அதன் பிக்கப்புக்குள் சுற்றியிருந்த செம்புக் கம்பி, தந்தியின் அசைவை மட்டுமல்லாமல் மண்டபத்திலுள்ள சகல மின்சாரத்தையும் பிடித்து இரைந்தது. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முழுச் சுற்று அலைவது. கீழ்த்தந்தியின் மூன்றாவது மெட்டில் கிடைக்கும் 'ஜி' ஸ்வரத்துக்கு 49 அதிர்வு. அரைஸ்வரத்தில் மூன்றிலொரு பங்கு ஏறினாற்போல, பாட்டுக்குப் பாட்டு ஓயாமல் அடியில் ஒலித்துக்கொண்டிருந்த அந்த இரைச்சலால், மின்வாரியமே எங்களுக்குச் சுருதிப்பெட்டி போட்டுக்கொண்டிருந்தது என்று சொல்லலாம். 'ஜி'யில் அமைந்த பாட்டென்றால் யாரும் கவனிப்பதில்லை. பாடகர் கட்டை இறங்கி அரைஸ்வரம் கீழே கேட்டுவிட்டால் அன்றைக்குச் சண்டைதான். இதுவும் போதாதென்று, தந்தியில் கையை வைத்துக்கொண்டு மைக்கின் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனால் உதட்டில் சுரீரென்று ஷாக் அடிக்கும். ஆகையால் நான் கோரஸ் பாடுவதில்லை என்ற விரதத்தை மேற்கொண்டேன். எனக்கு அடக்கம் அதிகம் என்று குழுவில் ஒரு நற்பெயர் ஏற்பட்டது இப்படித்தான்.

தந்தி அறுந்தால் மாற்றுத் தந்திக்கு வழியில்லை. ஒலி மங்கிப்போன தந்திகளைக் கழற்றி, சுருட்டி, அம்மா பால் காய்ச்சாத பழைய அலுமினியப் பாத்திரத்தில் கொதிக்கவிட்டு, வியர்வையும் அழுக்கும் கலங்கி வெளியேறியதும் துணியால் துடைத்து மறுபடி ஏற்றுவது நாங்கள் எல்லோரும் செய்துவந்த வைத்தியம். சில நாளைக்குப் புதிய தந்தியின் கணீர் வரும்; பிறகு பழைய கதை. டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் இசைத்தட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், அறுந்தாலொழியத் தந்தியை மாற்றவே மாட்டார், அந்த மங்கிய நாதத்தைத்தான் விரும்பினார் என்று பின்னாளில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் மாற்றாமல் இருந்தது ரசனை. நாங்கள் மாற்றாமல் இருந்தது வேறு காரணத்தால். கேட்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கலாம்.

இங்கேதான் எனக்கு ஒரு ஆட்சேபம் உண்டு. மட்டமான வாத்தியம்தான் கலைஞனை உருவாக்குகிறது என்று ஒரு பேச்சு நம்மிடையே பலமாக உலவுகிறது. ஏ.ஆர். ரகுமானின் தகப்பனார் ஆர்.கே. சேகர் 1976-இல் காலமானபின், அவர் விட்டுச்சென்ற வாத்தியங்களை வாடகைக்கு விட்டு அந்தக் குடும்பம் ஜீவனம் நடத்திற்று என்பதைச் சொல்லி, தரித்திரத்தின் மகிமையைப் பாடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் வாத்தியங்கள் இருந்தன, அவை நல்ல வாத்தியங்களாகவும் இருந்தன என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். எங்கள் குழுவிலேயே என் பேஸை முதலில் வாசித்துப் பார்த்தவன் நானல்ல. தாள ஞானத்திலும் செவியிலும் என்னைவிடப் பன்மடங்கு மேலான ஒரு சிநேகிதன். ஆசாரியிடம் போகுமுன், தண்டி வளைந்து தந்தி உயர்ந்து நின்ற அந்த நாட்களில், ஒரு வாரம் விரலைப் புண்ணாக்கிக்கொண்டு, "இது எனக்கு வராதுடா" என்று வைத்துவிட்டு, வங்கிப் பரீட்சை எழுதப் போய்விட்டான். வராதது அவனுக்கல்ல, அந்தக் கட்டைக்கு. மடித்த பஸ் டிக்கெட் ஒன்று ஒரு மாதம் முந்தி அகப்பட்டிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதுகிறவன் அவனாக இருந்திருப்பான். நானும் நிம்மதியாகக் கூட்டுவட்டிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

இப்போது நிலைமை வேறு. அடையாற்றில் கல்லூரிக்குப் போகிற பையன் வீட்டிலிருந்தபடியே வரவழைக்கிற மலிவான பேஸ்கூட, இயந்திரம் துல்லியமாக அறுத்ததாகவும், தண்டிக்குள் வளைவைத் திருத்தும் இரும்புக் கம்பியோடும் வந்து இறங்குகிறது. ஐ.ஐ.டி.யின் திறந்தவெளி அரங்கில், அங்கே நடக்கும் கலைவிழா இன்னும் மார்டி கிரா என்று அழைக்கப்பட்ட நாளில், வெளிநாட்டுக் கிட்டார் வைத்திருந்த குழுக்களை நாங்கள் வாயைப் பிளந்து பார்த்தது அவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. விளங்க வேண்டிய அவசியமும் இல்லை. கீத் பீட்டர்ஸ் ரகுமானுக்கு வாசித்த பேஸை ஹெட்போனில் ஒவ்வொரு ஸ்வரமாகக் கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். இல்லாத அடிநாதத்தைச் செவியால் கட்டிக்கொள்ளும் சிரமம் அவர்களுக்கு வேண்டியதில்லை.

2024 பிப்ரவரியில் பால் மெக்கார்ட்னியின் முதல் பேஸ் அகப்பட்டுவிட்ட செய்தி பத்திரிகையில் வந்தது. 1961-இல் ஹாம்பர்க் நகரத்தில் சுமார் 30 பவுனுக்கு வாங்கியது. பெண்டர் வாங்க வசதியில்லை; இடது கைக்காரரான அவர் திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாதபடி இருபுறமும் ஒத்த, பிடில் வடிவத்து ஹாப்னர். 1972-இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து களவுபோய், அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஒரு வீட்டுப் பரணிலிருந்து மீண்டது. இதற்கென்றே சிலர் கூடித் தேடியிருக்கிறார்கள். செய்தியைப் படித்த காலையில் அந்த வங்கிச் சிநேகிதன், ஓய்வுபெற்று அடையாற்றில் பேரனோடு இருக்கிறவன், போன் செய்தான். என் பச்சைக் கிட்டார் என்ன ஆயிற்று என்று கேட்டான். தொண்ணூறுகளில் ஒரு சர்ச் பாடகர் குழுப் பையனுக்கு, பஸ் டிக்கெட்டோடு சேர்த்து, கொடுத்துவிட்டேன் என்றேன்.

"அந்த ஆளுக்குத் தொலைஞ்சது திரும்பக் கெடைச்சுதேன்னு சந்தோஷப்படறான்" என்றான். "நம்மளோடது எப்படா தொலையும்னு இல்ல நாம காத்துண்டிருந்தோம்!"